எத்தனை மாசம்?

கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், என் உப்பிய வயிற்றைப் பார்த்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

“இரி மக்களே. எத்தனை மாசம்?”

கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தைக்காக ஏங்கியவள் நான். என் வயிற்றில் இருந்தது கர்ப்பப்பைக் கட்டி. மாதந்தோறும் ரத்தம் கொட்டியது; நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஸ்கேனில் தெரிந்ததைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்று என்னவோ, “பிள்ளை இல்லக்கா, கட்டி” என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் இருந்துச்சு. எல்லாருக்கும் கர்ப்பப்பைய எடுக்க மாட்டாவ. எனக்குக் கட்டிய மட்டுந்தான் எடுத்தாவ. நீ டாக்டர்ட்ட கேட்டியா?”

நான் கேட்டதே இல்லை.

அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த அக்காவும் தன் நிறுத்தத்தில் இறங்காமல் ஆஸ்பத்திரிவரை என்னுடன் வந்தாள். முதலில் ரத்தசோகைக்கு மருந்து தந்தார்கள். சில வாரங்கள் கழித்துக் கட்டியை மட்டும் அகற்றினார்கள்.

அந்த அக்காவைச் சந்தித்த அன்று மாலையே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது, கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு நாளும் இத ஒத்தைக்குச் சுமந்தியா?”

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. அந்த ஏக்கம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் என் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு இப்போது பயமில்லை.