கேசட்டில் யார் பேசுவது?

கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த எனக்கு, துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்ததால், உத்தியோகத்தருக்கான எங்கள் வீட்டில் கரண்டு இருந்தது. விடுமுறைக்கு வந்ததும் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினேன். எழுதிய புரோகிராமைச் சேமித்து வைக்க அப்பாவின் கேசட் ரேடியோதான். திரும்ப எடுக்க வேண்டுமென்றால் கேசட்டைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அதன் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தேயிலை ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு டீமேக்கரின் மனைவி, ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலியோரம் நின்று கேட்டார்.

"என்னம்மா, யார்கூட பேசுற?"

"யார்கூடயும் இல்லீங்க. இது என் பாடம்."

அவர் நம்பவில்லை. எண்பத்து மூன்றில் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழர் வீட்டில் ஏரியல் கொஞ்சம் உயரமாக இருந்தாலே, ஆயுதப் போராளிகளுக்குச் செய்தி போகிறதோ என்று கேள்வி வரும் காலம்.

அடுத்த வாரம் போலீஸ் சார்ஜன்ட் வந்தார். தன் பெயரைச் சொல்லி உட்கார்ந்தார். கேசட்டைப் போடச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது எந்த ஊருக்குப் போகுது?" என்றார் சிங்களத்தில்.

"எங்கயும் போகாது சார். இந்தப் பெட்டிக்குள்ளதான்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவரைச் சிரிக்க வைக்கலாமென்று அவர் பெயரைத் தட்டினேன். திரை முழுக்க அதே பெயர் வரிசை வரிசையாக ஓடியது. அவர் எழுந்தே விட்டார்.

"என் பேரை ஏன் இதுல வச்ச? அழி!"

சுவிட்சை அணைத்தேன். "போயிருச்சு சார்."

"எங்க போச்சு?"

அணைந்த திரையைக் காட்டினேன். இருந்த மூன்று கேசட்டுகளையும் எடுத்துப் போனார்.

போலீசுக்குச் சொன்னது டீமேக்கர் வீட்டம்மாதான் என்று நினைத்து, அவரோடு நான் பேச்சை நிறுத்தினேன். வெளியே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தீபாவளிக்கு அவர் அனுப்பிய முறுக்கைத் தொடவில்லை. துணி காயப்போட அவர் வேலிப்பக்கம் வந்தால்கூட எங்களை வேவு பார்க்கிறார் என்றே தோன்றியது.

ஒரு மாதம் கழித்து அப்பா ஸ்டேஷனுக்குப் போய் கேசட்டுகளை வாங்கி வந்தார். மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"அந்தம்மா மேல கோவப்படாத. ஸ்டேஷன்ல சொன்னது நான்தான்."

"நீங்களா? ஏம்பா?"

"வேற எவனாச்சும் போய் சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா தப்பிச்சிக்கலாம்னு நெனச்சேன்."

கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வேலை செய்தன.

மறுநாள் காலை வேலியோரம் நின்ற அந்த அம்மாவிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.