முதல் படத்தில் இருந்த கத்தி

முதுகில் தட்டு விலகிவிட்டது, இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன வருடம்தான் எனக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் அரியலூரைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வீடுகளுக்கு ஒயரிங் செய்து பிழைத்தவன் நான். ஏணியை விட்ட பிறகு ஒரு சின்னக் கடையைப் பிடித்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்ட உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் மோட்டார் அதிகம் வராது. கை சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை.

அப்படி ஒரு மழைக்காலத்தில் பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குச் செம்புக் கம்பி தேடிப் போனேன். ஆணிக் குவியலுக்குள் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. எங்கள் தொழிலில் எனக்கு மூத்தவர்கள் எல்லோரும் இடுப்பில் செருகியிருந்த கத்தி. உள்ளங்கை நீளத்துக்கு மரப்பிடி, அதற்குள் மடங்கிய இரண்டு அலகுகள். ஒன்று ஒயரின் மேல்தோலைச் சீவுவதற்கு. இன்னொன்று முனை தட்டையானது, ஸ்குரு திருகுவதற்கு. தட்டை அலகை விரித்தால் உள்ளேயிருந்து ஒரு பித்தளை நாக்கு நகர்ந்து வந்து பூட்டிக்கொள்ளும். அழுத்தித் திருகினாலும் விரல்மேல் மடங்காது. எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஏதோ ஒரு வீட்டுப் பரணில் விட்டுவிட்டு வந்தது.

கடைக்காரரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால், "வாங்க, உங்க சாமானை எடுத்து வச்சிருக்கேன்" என்பார். ஒன்று இரண்டாகி, நான்கைந்து வருடத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டது. முதலில் துருவை மட்டும் எடுத்தேன். அப்புறம் ஆசை பெருகியது. வெடித்த பிடியைக் கழற்றிவிட்டுப் புளியங்கட்டையிலோ வேப்பங்கட்டையிலோ புதுப்பிடி இழைத்துப் போடுவேன். தேய்ந்த அலகுக்குச் சாணை பிடித்து வடிவம் மாற்றுவேன். பழையதை ஒரு படம், முடித்ததை ஒரு படம் என்று எடுத்து, எங்கள் இரண்டு மாவட்டத்து எலக்ட்ரீஷியன்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். "கை இல்ல அண்ணே, மந்திரம்" என்று யாராவது எழுதுவார்கள். அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் உழைக்கலாம் போலிருக்கும்.

போன வருடம் மாசியில் பாய் கொடுத்த கத்தி மிகவும் மோசமாக இருந்தது. பிடி நீளவாக்கில் வெடித்து, எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்திருந்தது. அடியில் ஏதோ கிறுக்கல். சீவும் அலகின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம், விளிம்பு கருகியிருந்தது. கரண்ட் ஓடுகிற ஒயரைத் தெரியாமல் வெட்டினால் அப்படி ஆகும். அந்தப் பள்ளம் என் கண்ணை உறுத்தியது. அலகு கொஞ்சம் ஒல்லியானாலும் பரவாயில்லை என்று, பள்ளம் இருந்த சுவடே தெரியாமல் சாணை பிடித்தேன். புதுப்பிடிக்கு என்னிடம் இருந்ததிலேயே நல்ல புளியங்கட்டையை எடுத்தேன். கழற்றிப் போட்ட பழைய கட்டைகளைக் காட்டி, "வெந்நீர் அடுப்புல போட்டுரவா?" என்று என் மனைவி கேட்டாள். "போடு" என்றேன்.

படம் போட்டு மூன்றாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும், ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். செட்டிகுளம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் டேப்பைக் கழற்றாமலே கிளம்பி வந்திருந்தாள். கையில் போனைத் திறந்தபடி நீட்டினாள்.

"அண்ணே, இந்தப் படம் நீங்க போட்டதுங்களா? எங்க வூட்டுக்காரரும் கரண்ட் வேலதான். அவரு போன்ல பாத்தேன்."

"நான் போட்டதுதாம்மா. உக்காருங்க."

"இது எங்கப்பாவோட கத்திங்க."

அவள் அப்பா வயல் மோட்டாருக்கும் திருவிழா லைட்டுக்கும் போகிற ஒயர்மேனாம். முந்தின ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவளுடைய தம்பி, மூலையில் கிடந்த கருவிப் பையைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டான். அவள் கேட்கும்போது பை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதைக் கேட்டபோது எனக்குள் ஒரு பெருமைதான் வந்தது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல கைக்குத்தானே வந்து சேர்ந்திருக்கிறது, அழகு பார்த்து வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, சட்டையில் ஒரு தடவை துடைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

"பழைய பிடி வெடிச்சுப் போயிருந்துச்சும்மா. புளியங்கட்டையில புதுசு போட்டிருக்கேன். இன்னும் முப்பது வருஷம் தாங்கும்."

அவள் கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"இது இல்லைங்க. மொத படத்துல இருக்கே, அதுதான் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"எழுத்து எங்கங்க?"

எனக்குப் புரியவில்லை. அவள் முதல் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். நான் கிறுக்கல் என்று நினைத்த இடம். அது ஒரு அ. சுழி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நாலஞ்சு பேரு சேந்து வேலைக்குப் போவாங்க. கத்தி மாறிப்போயிரும், சண்ட வந்துரும். நான் ரெண்டாவது படிச்சிட்டிருந்தேன். 'என் பேர்ல மொத எழுத்து என்ன பாப்பா, இதுல போட்டுக் குடு'ன்னாரு. ஆணிய வச்சு ரெண்டு நாளா சொரண்டுனேன். சுழிய அந்தாண்ட திருப்பிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. 'இப்படி இருந்தாதான் என்னுதுன்னு தெரியும்'னுட்டாரு."

அவள் சீவும் அலகை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் விளிம்பைத் தடவினாள்.

"இதுல ஒரு பள்ளம் இருக்குமே?"

"இருந்துச்சும்மா."

"ஒரு கரும்புக் காட்டு மோட்டார் ரூம்ல வேல செய்யும்போது கரண்டு தூக்கி அடிச்சிருச்சுங்க அவர. வெளிய வந்து விழுந்தாரு. அன்னைக்குத் தப்பிச்சதே பெருசு. அதுக்கப்புறம் அந்தப் பள்ளத்தத் தேய்க்கவே விட மாட்டாரு. 'எமன் கடிச்சுப் பாத்துட்டுத் துப்புன எடம்'னு எல்லாருக்கும் காட்டுவாரு."

அரை மணி நேரம் சாணைச் சக்கரத்தில் நான் குனிந்து நின்றது ஞாபகம் வந்தது. பள்ளம் மறைந்ததும் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டேன்.

"அந்தப் பழைய கட்டை இருக்குங்களா? வெடிச்சிருந்தாலும் பரவால்ல. தூளா இருந்தாலும் குடுங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். காணாமல் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

"எரிச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், அளவு கொடுக்க வந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது போல. கத்தியை மடக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, தட்டை அலகை விரித்தாள். பித்தளை நாக்கு நகர்ந்து "டக்" என்றது. மடக்கினாள். மறுபடி விரித்தாள். டக். ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்தாள். உள்ளே இருக்கும் பித்தளையில் நான் கை வைக்கவில்லை. சரியாக வேலை செய்ததால் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

"சத்தம் அதேதாங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பாதி கட்டிய காயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"உங்களுதும்மா. கேக்கவே வேணாம்."

அவள் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுப்புச் சாம்பலைக் கேட்டேன். வாழைக்கன்றுக்குப் போட்டாயிற்று. என் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னதும், "நாந்தானே அடுப்புல வச்சேன், என் கையாலதானே வச்சேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். போடு என்று சொன்னவன் நான் என்பதை எத்தனை தடவை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

அந்த வாரம் ஒரு புளியங்கட்டையை எடுத்து, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆணியால் அந்த ‘அ’வைக் கீறிப் பார்த்தேன். ஆறு தடவை கீறினேன். என் கை எழுத்தாகவே வந்தது. ஒரு சின்னக் குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாள் அழுத்திச் சுரண்டியது எனக்கு எப்படி வரும்? அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, அதே மாதிரி ஒரு பிடி செய்து தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். "வேணாங்கண்ணே, இருக்கட்டும்" என்றாள்.

சித்திரையில் அவள் தம்பி வந்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. யாரென்று அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அக்கா எங்கூட பேசுறதில்ல சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும்னு வந்தேன்."

"நான் சொல்லி என்னப்பா ஆகும்? நானே..."

"தெரியும் சார், மாமா எல்லாம் சொன்னாரு." அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "நான் பழைய இரும்புன்னு நெனச்சுப் போட்டேன். எனக்குத் தெரியல. நீங்க இதோட அரும தெரிஞ்சவரு. நீங்களே அதைக் கண்டுபிடிக்கலியே சார்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். கொஞ்சம் ஆறுதலும்கூட இருந்திருக்கலாம்.

அவன் எதிரிலேயே அவளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அவன் மேல கோவமெல்லாம் இல்லைங்கண்ணே. அவன் மூஞ்சியப் பாத்தா அந்தப் பைதான் கண்ணு முன்னால வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். போனை வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தோம். கிளம்பும்போது, "அந்த மொத படத்த எனக்கு அனுப்புங்க சார்" என்றான். அனுப்பினேன். நின்ற இடத்திலேயே பெரிதாக்கிப் பார்த்தான்.

"அப்பாவுக்கு இந்த ஒரு எழுத்துதான் தெரியும் சார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா, போர்டுல அ இருந்தா அரியலூர் பஸ்ஸுன்னு ஏறிருவாரு. 'என் எழுத்து போட்ட பஸ்ஸுடா'ம்பாரு. ஒரு நாளும் மாறி ஏறுனதில்ல."

இப்போதும் பாய் கத்தி எடுத்து வைக்கிறார். யாருடையது, எந்த ஊர் சாமானோடு வந்தது என்று கேட்கிறேன். "இரும்புக்கு ஊரு ஏதுங்க" என்று அவர் சிரிப்பார். ஆனால் இப்போதெல்லாம் ஆளை நிறுத்தி விசாரித்து வைக்கிறார். பெரும்பாலும் தெரிவதில்லை. போன மாதம் வந்த ஒன்றில், பிடியின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. அலகுக்கு எண்ணெய் மட்டும் போட்டு அப்படியே வைத்திருக்கிறேன். நான் பிடி மாற்றி முடித்த மற்றக் கத்திகளைப் பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். குழுவில் இப்போது படம் போடுவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் முதுகு வலி என்கிறேன்.

அந்தப் பெண்ணின் கணவரை ஐப்பசியில் ஒரு வேலையிடத்தில் பார்த்தேன். அவள் அப்பாவின் வருடத் திதிக்குத் தம்பி வந்திருந்தானாம். சாப்பாட்டுக்கு அவனுக்கு இலை போட்டதும், சோறு வைத்ததும் அவள்தானாம். இரண்டாம் தடவை ரசம் வேண்டுமா என்று கையால்தான் கேட்டாளாம், வாய் திறக்கவில்லையாம்.