பதினைந்து நாள் கண்ணாடி

அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை மடிக்கணினி வாசித்தபோது அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம், அதுவும் நான் பழக்கிவைத்திருந்த வேகத்தில். அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்னா சொல்லுது?" என்றார்.

"வேலைக்குத் திரும்ப வரச் சொல்றாகப்பா."

பாதியைத்தான் சொன்னேன். சென்னையில் தனியாக அலுவலகம் வந்துபோக முடியுமா என்று மாத இறுதிக்குள் தெரிவிக்க வேண்டும், முடியாவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள் என்ற மீதியைச் சொல்லவில்லை.

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் கண் நரம்பு வீங்கி, முதலில் வலது, பிறகு இடது என்று பார்வை போனது. கம்பம் நகருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பினேன். சில மாதங்கள் சும்மா படுத்திருந்தேன். பிறகு, வேறெதுவும் செய்யத் தெரியாததால், பட்டியல் போட்டேன். எனக்கு என்னென்ன தேவை, எந்தக் கருவி அதைச் செய்யும், சோதித்தாயிற்றா, இல்லையா.

திரையை வாசிக்கும் மென்பொருள்கள் மூன்றைச் சோதித்தேன். ஒன்று எங்கள் நிறுவனத்தின் அட்டவணைகளில் திக்கியது. ஒன்று தமிழை எழுத்து எழுத்தாகப் பிய்த்தது. மூன்றாவதை வைத்துக்கொண்டேன். மாத்திரை அட்டையையும் பேருந்துப் பலகையையும் கைபேசி வாசித்தது. ஒவ்வொரு வரியாக 'ஆயிற்று' என்று குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே வரிதான் காலியாக நின்றது: தனியாக வெளியே போவது.

அதற்கும் கருவி இருந்தது. மதுரையில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, மடக்கக்கூடிய வெள்ளைக் கம்பு ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். அது பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அப்பா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் அதை எடுக்கும் சத்தம் கேட்டால் வண்டிச் சாவியை எடுப்பார். "எங்கன போகணும் சொல்லு ஆத்தா. கொண்டுபோயி விடுறேன்." வீட்டை விட்டு நான் போனதெல்லாம் அவர் வண்டியின் பின்னிருக்கையில்தான்.

பார்வையற்றவர்களுக்கான மூக்குக்கண்ணாடி ஒன்று இருக்கிறதென்று விசாரித்துக் கண்டுபிடித்ததும் அவர்தான். சட்டத்தில் கேமரா, காதருகே சிறு ஒலிபெருக்கி. எதிரே இருப்பதைத் தமிழில் சொல்லும். தேனியில் ஒரு விற்பனையாளர் பதினைந்து நாள் வைத்துப் பார்க்கத் தந்தார். மாட்டிவிட்டு அப்பா இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"பாத்தா வித்தியாசம் ஒண்ணுமே தெரியல ஆத்தா. முன்ன மாதிரியே இருக்க."

எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முகங்களை முன்கூட்டிப் பதிந்துவைத்தால் ஆள் பெயரையும் சொல்லும் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறை, ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கும் முகாம் போல் ஆகிவிட்டது. பவுடர் வாசனை. தெருமுனை வீட்டுச் சித்தி வரிசையில் நின்றவர், சேலை சரியில்லை என்று திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஏலே, மீசைய முறுக்காம நில்லு. நாளைக்கு முறுக்காம வந்தா யாரோன்னு சொல்லிரப் போகுது."

"எங்க மாமியாவ மட்டும் ஏத்திராத தாயி. கண்ணாடி வெடிச்சிரும்."

"வெடிச்சா ஒன்னய ஏத்தும்போதே வெடிச்சிருக்கும்டி" என்றது மாமியாரின் குரல்.

முப்பத்துநான்கு முகங்கள். ஊர் திரும்பிய பிறகு அத்தனை பேர் நடுவில் நான் சிரித்தது அன்றுதான்.

எங்கள் ஊரில் வாசலில் நின்று யாரும் பெயர் சொல்வதில்லை. "யாரு?" என்றால் "நான்தான்" என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக் குரலைப் பிடித்து, ஆளைக் கண்டுபிடித்து, பேச்சைத் தொடங்குவேன். தவறாகச் சொன்னால் கேலி செய்வார்கள், அதிலும் பேச்சு வளரும். முகம் பதிந்த மறுநாளிலிருந்து அந்தச் சொல்லும் நின்றுபோனது. வருவார்கள். எனக்கு நேர் எதிரே வந்து, மூச்சுக்கூடக் கேட்காமல் நிற்பார்கள். இரண்டு மூன்று நொடியில் கண்ணாடி என் காதில் பெயரைச் சொல்லும். நான் திருப்பிச் சொல்வேன்.

"அடி ஆத்தீ, அப்படியே சொல்லுதே" என்று சிரித்துவிட்டு, வந்த வேலை முடிந்ததென்று போய்விடுவார்கள்.

ஐந்தாம் நாள் யாரும் வரவில்லை. ஒருமுறை பார்த்த வித்தையை யார் மறுபடி பார்ப்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் அது சொன்னது: சுவர். நாற்காலி. சுவர்.

ஒன்பதாம் நாள் அப்பா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்து சோதிப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கம்பு இல்லை, கண்ணாடி மட்டும். அது ஒழுங்காக வேலை செய்தது. மோட்டார் சைக்கிள் என்றது, விலகினேன். ஒரு பெயர் சொன்னது, தலையசைத்தேன். சித்தி வீட்டருகே 'பசு' என்றது. பசுவை விட்டு இடப்பக்கம் ஒதுங்கி, நன்றாகக் கால் வீசி நடந்தேன்.

பசுவைக் கட்டியிருந்த கயிறு தெருவின் குறுக்கே இழுபட்டு முழங்காலுக்குக் கீழே நின்றது. அதைக் கண்ணாடி சொல்லவில்லை.

இரண்டு உள்ளங்கையும் உரிந்து தரையில் கிடந்தபோதுதான் குரல்கள் வந்தன. குறைந்தது நான்கு பேர். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

"நீ வர்றத பாத்துக்கிட்டேதான் தாயி நின்னோம்" என்றார் சித்தி, என் கையில் தண்ணீர் ஊற்றியபடி. "எம்புட்டு நேரா வர்றா பாருன்னு இப்பத்தான் சொன்னேன். கண்ணாடி போட்டுருக்கியே, கயிறு தெரியும்னுல்ல நெனச்சோம்."

அவர் குரலில் அழுகை இருந்தது. அவர்மீது எனக்குக் கோபமே வரவில்லை. பிழை என் பட்டியலில் இருந்தது. எனக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மட்டும்தான் அதில் எழுதியிருந்தேன். என்னைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

சாயங்காலம் அப்பா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டையில் மருந்து நெடி.

"கண்ணாடிய திருப்பிக் குடுத்துருவோம்ப்பா."

"அதுல என்னா கொற? கயித்தச் சொல்றதுக்கும் அடுத்த வருசம் ஏதாச்சும் செய்வாக."

"கொற அதுல இல்ல. அத மாட்டுனா நான் பாக்குறவ மாதிரி இருக்கேன். பாக்குறவளுக்கு யாரு கயித்த தூக்கிப் புடிப்பா?"

"கம்ப ஊண்டிப் போனா, பாக்குறவுக என்னா நெனப்பாக?"

"கண்ணு தெரியலன்னு நெனப்பாக."

அவர் என் கைகளை விட்டார். மின்னஞ்சலில் மறைத்த பாதியை அப்போதுதான் சொன்னேன். "சென்னையில யாரு இருக்கா ஒனக்கு?" என்றார். யாரும் இல்லை. கூட வேலை செய்தவர்கள் முதல் ஆறு மாதம் பேசினார்கள். அதை அவரிடம் சொல்லாமல் எழுந்துபோய் பீரோவைத் திறந்து கம்பை எடுத்தேன். வண்டிச் சாவிச் சத்தம் வரவில்லை.

மறுநாள் கம்புடன் இறங்கினேன். தெருவில் நடந்த பேச்சுகள் நான் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நின்றன, கடந்த பிறகு தாழ்ந்த குரலில் தொடங்கின. யாரோ பசுவை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்து நின்றது. எதிலும் இடறாமல் நடந்தேன். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான்கு நாள் இப்படி நடந்தேன். ஐந்தாம் நாள் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கம்பத்துக்கு டவுன் பஸ் ஏறினேன்.

நடத்துனர் முன்பக்கம் இருவர் இருக்கையில் இருந்த யாரையோ எழுப்பி, என்னைச் சன்னலோரம் உட்காரவைத்தார். கூட்டம் நிறைய. மேலே கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் வளையல்கள் கேட்டன. கைபேசியை எடுத்து அலுவலகத்துக்குப் பதில் எழுதினேன். முடியும், ஒன்றாம் தேதி வருகிறேன். அனுப்பியாயிற்று என்று காதில் சொன்னது. பிறகு பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது.

"இங்கன எடம் இருக்கு, உக்காருங்க" என்றேன், வளையல் சத்தத்தின் பக்கம்.

"இருக்கட்டும் தாயி. நீ வசதியா உக்காரு. நான் இந்தா எறங்கிருவேன்" என்றார் ஒரு பெண்.

கம்பம் பேருந்து நிலையம் வரை நின்றுகொண்டே வந்து, எனக்குப் பின்னால்தான் அவரும் வளையல் ஒலிக்க இறங்கினார்.