கூலி கேட்காத குள்ளன்

மகள் நெதர்லாந்திலிருந்து கொண்டுவந்த பொம்மை ஒரு முழ உயரம். சிவப்புக் கூம்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, பருத்த வயிறு. அங்கே இதைக் கபௌட்டர் என்கிறார்கள். டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, விடுமுறை முடிந்து அவள் திரும்பிப் போனாள்.

அப்பா படுக்கையில் விழுந்து எட்டு மாதம். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் புண் வரும். இடுப்பில் அறுவை நடந்த என்னால் தனியாக முடியாது. வடசேரியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குளச்சலிலிருந்து ஒரு பெண் தினமும் காலை ஏழுக்கு வந்து மாலை ஆறு மணி பஸ்ஸில் திரும்புவார்; இரவுக்கு வரும் ஆளுக்குப் பகலில் வேறு வேலை.

மகள் போன மறுநாள் காலை அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தார். "இதென்ன சாரே, கிறிஸ்மஸ் தாத்தா கூலி வேலைக்குப் போறாரா?"

மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். வீடு உறங்கியபின் வந்து மிச்ச வேலையை முடித்துவைக்கும் குள்ளர்கள். யார் கண்ணிலும் படமாட்டார்கள். ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தால் போதும். இத்தனை வருடம் செய்தி எழுதியவனுக்கு எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ குட்டிச்சாத்தானாக்கும்."

"இல்லம்மா, அது அந்த ஊர்க் கதை."

"கண்ணுல படாது, கூலி கேக்காது. எந்த ஊருன்னாலும் சாதனம் ஒண்ணுதான். எனக்குப் பேடியாக்கும், பயமாட்டு இருக்கு."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு அப்பாவைப் புரட்ட முயன்றேன். "விடுலே, வலிக்கி," என்றார். பதினொன்றுக்கு மறுபடி முயன்றேன்; அசைக்க முடியவில்லை. ஆள் அனுப்பும் இரண்டு இடங்களில் ஆள் இல்லை. பொம்மையைக் கார் ஷெட்டில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"வெளிய வச்சா திரும்பி வரும் சாரே. அதுவாட்டுப் போவணும்."

மகளை அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "புது உடுப்பு குடுத்தா வேலைய விட்டுட்டுப் போயிரும்ப்பா, கதையில அப்படித்தான். பொம்மைய மட்டும் எறிஞ்சிராதீங்க."

அதையும் அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். "பழந்துணியக் கட்டி ஏமாத்தப்பிடாது. நானே வாங்கிட்டு வாறேன்."

மூன்று மணிக்கு ஒரு மஞ்சள் கைக்குழந்தைச் சட்டையோடு வந்தார். நேராக ஷெட்டுக்குப் போய் மாட்டிவிட்டார். வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. "போ மக்கா, வேற வீடு பாத்துக்கோ." சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

இருவரும் அப்பாவைப் புரட்டினோம். இடுப்பெலும்பின் மேல் ஒரு இடம் சிவந்திருந்தது. அவர் விரலால் அழுத்தி எடுத்தார். சிவப்பு வெளுக்கவில்லை; புண்ணின் தொடக்கம்.

"எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்தாரு?"

"நீங்க போனதிலிருந்து."

முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினார். ஆறு மணிக் குளச்சல் பஸ்ஸுக்கு அன்று கிளம்பவில்லை.