இடப்பக்கத்துச் சத்தம்

எங்கள் காரின் முன் இடப்பக்கம் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. வேகத்தடையில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம். தன்னாமுனையில் எங்கள் வீட்டிலிருந்து காத்தான்குடியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. புடவைக்கடை வாசலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நேரே பார்த்தபடி போய்விடுவேன்.

என் கணவர் கட்டாரில் ஒரு கராஜில் கார் திருத்துகிறார். போனில் சத்தத்தைக் கேட்டவுடனேயே சொல்லிவிட்டார்.

“லோவர் ஆம் புஷ் போயிட்டு. சில்லைப் பிடிச்சிரிக்கிற இரும்புக் கைக்குள்ள ஒரு ரப்பர் இரிக்கி, அது தேஞ்சிட்டு. வேற ஆக்கள்ட குடுத்திராத. நான் லீவில வந்து மாத்துறன்.”

சித்திரையில் வருவதாக இருந்தார். பிறகு ஆடி என்றார். ஆடியும் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கேற்றைப் பூட்டினால், மறுநாள் காலை அதைத் திறக்கும்வரை நான் பேசுவது அவரோடு போனில் மட்டும்தான்.

மழை தொடங்குமுன் ஒரு நாள் காத்தான்குடியில் உதிரிப்பாகக் கடைக்குப் போய் அந்த ரப்பர் புஷ்ஷைக் கேட்டேன்.

“அவர் வந்திட்டாரா டீச்சர்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“அப்ப ஆரு போடுற?”

“நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்குமாக எடுத்துப் பொதி செய்து தந்தார்.

சனிக்கிழமை காலை, வீட்டு முன்பக்கத்துச் சீமெந்துத் தரையில் காரை நிறுத்தினேன். பின்சில்லுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, கீழே தாங்கி கொடுத்து, சில்லைக் கழற்றினேன். வேலைக்குப் போகுமுன் அவர் வீடியோவில் வந்தார். போனைப் பெயின்ற் வாளியில் சாய்த்துவிட்டுக் காருக்கடியில் படுத்தேன். முதல் போல்ட் அசையவே இல்லை.

“கையால இழுக்காத. ஸ்பனர்ல பைப்பைக் கொழுவிக் காலால உதை.”

உதைத்தேன். ‘டக்’கென்று இளகியது. அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார்.

“உன்னட்ட ஒண்டு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“கொன்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டிட்டன்.”

“எப்ப?”

“போன மாசம்.”

போனில் அவருக்கு என் கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் போல்ட்டை விரலால் சுழற்றிக் கழற்றினேன். துருத்தூள் முகத்தில் கொட்டியது.

“சரி.”

“சரியெண்டா?”

“சரியெண்டா சரி. அடுத்து எதைக் கழட்டுற?”

 “பின்னால இரிக்கிறத” என்றார். அங்கே யாரோ ஹிந்தியில் அவரைக் கூப்பிட்டார்கள். “இஞ்சப் பாரு, கடைசி இறுக்கு மட்டும் கார் கீழ இறங்கினாப்பிறகு. தொங்கக்குள்ள இறுக்கினா ரப்பர் முறுகிக் கிழிஞ்சிரும்” என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிய இரும்புக் கையை வீட்டின் பின்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மேசையில் பூட்டியிருந்த அவருடைய இறுக்குப்பிடியான வைஸில் இறுக்கினேன். பழைய ரப்பர் பிய்ந்து கரித்துண்டு போல வந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்புக் குழாயை வாள் அலகால் அறுத்து, உளியால் மடக்கி எடுத்தேன். புதியதைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து வைஸால் அழுத்தியபோது கோணலாகப் போனது. வெளியே எடுத்துத் திரும்ப வைத்து மெதுவாக இறுக்கினேன். இந்தத் தரம் ஒரு சரிவும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா!” என்றேன், உரத்த குரலில்.

மாமரத்தில் இருந்த காகம் எழுந்து பறந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. கைகளில் கிறீஸ், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அழுது முடியும்வரை அப்படியே நின்றேன். பிறகு குழாயடியில் முகம் கழுவி, முதல்நாள் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு வந்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். காரை இறக்கிய பின்தான் கடைசி இறுக்கு இறுக்கினேன்.

ஓடிப் பார்க்க ஏறாவூர் வரை போக நினைத்தேன். சத்தமே இல்லை. திரும்பி வர மனம் வராமல் அதையும் தாண்டி ஓட்டமாவடிப் பாலம் வரை போனேன். பாலத்தருகே காரை ஓரங்கட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பொழுது சாயத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வலப்பக்கத்தையும் மாற்றினேன். அவரைக் கூப்பிடவில்லை. தன் விடுமுறை நாளில் அவராகத்தான் போனில் பேச்செடுத்தார்.

“வலப்பக்கத்தையும் விடக் கூடாது. நான் வந்தோண்ணே…”

“அது மாத்திட்டன்.”

“ஆரு உதவிக்கு வந்த?”

“ஒருத்தரும் இல்ல.”

 போனைக் காரில் வைத்து வேகத்தடையில் ஓடிக் காட்டச் சொன்னார். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஏற்றி இறக்கினேன்.

“ஒண்டும் கேக்கல்லியே. லைன் கட்டாகிட்டா?”

“இல்ல. நான் இஞ்சதான் இரிக்கன்.”