எங்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவர்

மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கையில் போனோடு வந்து நின்றாள். "உங்க தம்பி பண்ணாரு. மேடம் பூட்டாங்களாம். நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றாள்.

"எந்த மேடம்?" என்று கேட்டேன்.

"எத்தினி மேடத்த திட்டி நோட்டீஸ் அடிச்சீங்க நீங்க?" என்றாள்.

ஒருவரைத்தான் திட்டினேன். பெயர் ஆரோக்கியமேரி. ஊரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து எங்கள் சித்தேரி ஆயக்கட்டுக்குத் தள்ளும் நிலையத்தின் பொறியாளர். அவரோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் மறுநாளே வீட்டுக்கு வந்து, நினைவு மலர் போடுகிறோம், ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். என்னிடமா என்று கேட்டேன். "நீங்கதான் சார் மேடத்தப் பத்தி ஜாஸ்தி எழுதனவரு" என்றார்கள். அது உண்மைதான். எழுதியதெல்லாம் வசவு.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவருக்கும் இருந்ததில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருக்கும் பேனரில் 'புன்னகை மாறாத முகம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அவரை அறிந்தவர்களே, உங்களைக் கேட்கிறேன், அந்தப் புன்னகையை யார் பார்த்தீர்கள்? பேனரில் இருக்கும் படத்திலேயே முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் பார்த்த ஆரோக்கியமேரியை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

எங்களுக்குள் முதல் சண்டை ஏரிக்கரையில் நடந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனபிறகு கட்டடங்கள் பெருகின, அவை கழித்துவிடும் தண்ணீரும் பெருகியது. எங்களுக்கோ கல்வராயன் மலையில் மழை குறைந்துவிட்டால் தை மாதத்திலேயே ஏரிக்குள் கிரிக்கெட் ஆடலாம். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து விவசாயத்துக்கு விடுகிறோம் என்று நிலையத்துக்காரர்கள் வந்தபோது, பாசனச் சங்கத்தின் செயலாளராக முதலில் கைதட்டியவன் நான். ஆயக்கட்டில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ஊர்ச் சாக்கடையில் இறங்கி நாற்று நடுவதா என்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடத்தினோம். மேடம் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து மேசைமேல் வைத்தார். குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அவ்ளோ சுத்தம்னா ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க மேடம், நாங்க ஒத்துக்கறோம்" என்றார்.

ஒரு வாய்தான் கேட்டார்கள். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்திருக்கலாம். அவர் மைக்கை இழுத்து, "இது பயிருக்கு. மனுசனுக்கு இல்ல. நானும் குடிக்க மாட்டேன், நீங்களும் குடிக்காதீங்க" என்றார். கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையேறி, பாட்டிலைத் திறந்து, எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்துவிட்டேன். கைதட்டினார்கள்.

மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கொடுத்த போண்டாதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். அதே போண்டாவைத் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. மேடம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வார்டுக்குள் வந்தார். நான் எவ்வளவு குடித்தேன், எப்போது குடித்தேன் என்று நர்சிடம் விவரமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "குடிக்காதீங்கன்னு தமிழ்லதான சொன்னேன்" என்றார். போய்விட்டார். ஒரு சாத்துக்குடிகூட வாங்கி வரவில்லை. விஷயம் பரவி, அந்தக் கோடை முழுக்க யாரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டு மடை திறக்க அடுத்த வருஷம் ஆனது.

அதற்குப் பிறகும் அவரோடு ஒத்துப்போனதில்லை. தண்ணீர் போதவில்லை என்று நாங்களே வால்வைத் திருகிப் பார்ப்போம். அவர் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கேட்கப் போனால், "என்ன எவ்ளோ வேணா திட்டிக்குங்க, வால்வுல கைய வெக்காதீங்க" என்பார். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காருங்கள் என்று சொல்ல மாட்டார். கவுன்சிலர்களுக்கும் அதே மரியாதைதான் என்று பிறகு கேள்விப்பட்டு ஓரளவு ஆறுதல் அடைந்தேன்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். இரண்டாவது சண்டையை அப்படி எழுத வராது.

எங்களுக்குத் தண்ணீர் தள்ளிய பம்ப் ஹவுசில் இரண்டு பழைய மோட்டார்கள் இருந்தன. ஊர் வளர்ந்த வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டுப் பெரிய மோட்டார்களும் புதுப் பேனல் போர்டும் வைக்க உத்தரவு வந்தது. வேலை நடக்கும்போது தண்ணீர் நின்றுவிடுமா என்று சங்கக் கூட்டத்தில் மேடத்தைக் கேட்டோம். "மொதல்ல ஒண்ணத்தான் எடுப்போம். புதுசு வர்ற வரைக்கும் இன்னொண்ணு ஓடும். நடறவங்க நடுங்க" என்றார். அந்தச் சொல்லை நம்பி என் தம்பி ஏழுமலை குத்தகைக்கு நிலம் பிடித்தான். பூர்வீகத்தில் அவன் பங்கு எங்கள் தங்கை கல்யாணத்தோடு போய்விட்டது. சொந்தமாக ஒரு போகம் எடுத்து நிமிர்ந்துவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியுமாக வயலிலேயே கிடந்தார்கள். பயிர் நன்றாகத்தான் வந்தது.

கதிர் வெளிவரும் சமயம் வாய்க்கால் திடீரென்று நின்றது. நானும் ஏழுமலையும் பம்ப் ஹவுசுக்கு ஓடினோம். ஒன்றை முன்பே பழைய இரும்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்க வேண்டிய மற்ற மோட்டாரும் அங்கே இல்லை. சிமெண்ட் மேடையில் போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. ஆபரேட்டர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சற்று நேரத்தில் மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"எங்க மோட்டாரு எங்க மேடம்?" என்று கேட்டேன்.

"பள்ளத் தெருவுல ஓடுது."

பள்ளத் தெரு ஊரிலேயே தாழ்வான இடம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெரு. அந்தப் பக்கத்துத் தெருக்களின் கழிவுநீர் அங்கே ஒரு கிணற்றில் சேர்ந்து, அங்கிருந்துதான் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற வேண்டும். அங்கே இருந்த மோட்டார் புகைந்துபோய், கழிவுநீர் வந்த வழியே திரும்பி வீடுகளுக்குள் ஏறிவிட்டதாம். மேடம் ஆட்களை வைத்து எங்கள் மோட்டாரைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டார்.

"நெல்லு கதிரு வாங்கற நேரம் மேடம்" என்றான் ஏழுமலை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கழட்டுனீங்க?" என்றேன் நான்.

"தெரிஞ்சுதான் கழட்டனேன். புது மோட்டாரு வர்றதுக்கு நாளாவும். யார்கிட்ட வேணா சொல்லுங்க. நான்தான் கழட்டனேன்னு பேரு போட்டே எழுதிக்குங்க."

"மொதநாளே ஒரு வார்த்த சொல்லி இருந்தா டீசல் இஞ்சின் எடுத்துக்கினு வந்து எங்கியாவது கெணத்துலேந்து எறச்சிருப்போம் இல்ல?"

"மொதநாளு சொல்லி இருந்தா நீங்க வந்து மோட்டாரு மேல உக்காந்துக்கினு இருப்பீங்க. அந்தத் தெருவுல அடுப்பு வரைக்கும் பீத்தண்ணி நிக்குது."

உட்கார்ந்திருப்பேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. உட்காருவதற்கு எனக்கு உரிமை இருந்தது. ஓடும் என்று வாக்குக் கொடுத்தவர், ஓடாது என்று சொல்லவும் வர வேண்டும். நாங்கள் மறித்திருந்தால் போலீசைக் கூப்பிட்டு எங்களை அகற்றிவிட்டுக் கழற்றியிருக்கட்டும். எங்களை ஏமாற்றிவிட்டு எடுத்துப் போனதை நான் அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

கதிர் பால் பிடிக்காமல் பதராக நின்றது. ஏழுமலை அந்த வயலில் ஆடுகளை விட்டான். அதற்குப் பிறகுதான் புது மோட்டார்கள் லாரியில் வந்து இறங்கின.

நோட்டீஸ் அடித்தேன். 'மோட்டார் திருடிய மேடமே, எங்கள் நெல்லுக்குப் பதில் சொல்' என்று தலைப்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். பொருளாளர் கேட்டுவிட்டு, "அவங்க ஆளுங்க தெருன்னுதான தூக்கிக்கினு பூட்டா? அதையும் ஒரு வரி போடு, அப்பதான் எடுக்கும்" என்றார். அவர் சொன்னது அங்கே எல்லாருக்கும் புரிந்தது. மேடத்தின் அப்பா எலவனாசூர்கோட்டைப் பக்கம் கூலி வேலை செய்தவர், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பள்ளத் தெருவில் அவருக்கு ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது. அது பொருளாளருக்கும் தெரியும்.

"நெல்லு எங்க வூட்டு நெல்லு. சண்டையும் எங்களுது. உன் சாக்கடைய கொண்டாந்து இதுல வுடாத" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். நோட்டீஸ் நான் எழுதியபடியே வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வசவும் எனக்கு இன்னும் சம்மதம்தான்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் சுட்டது. புது மோட்டார்களுக்கு ஆபரேட்டர் தேவைப்பட்டார். ஏழுமலை நேராகப் போய் அந்த வேலையைக் கேட்டிருக்கிறான். கான்ட்ராக்டர் தயங்கினாராம். மேடம்தான், "இவர போடுங்க. பயிரு காஞ்சவன்தான் மோட்டார ஒழுங்கா பாத்துப்பான்" என்றாராம். எங்கள் வயலைக் காய வைத்தவரிடமே போய் என் தம்பி கைகட்டி நிற்கிறான். "உனக்கு ரோஷமே கெடையாதாடா?" என்று கேட்டேன். "ரோஷத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? மறுபடியும் மோட்டாரு நின்னா நான் அங்க இருக்கணும்ண்ணா" என்றான். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவன் என் மனைவிக்குத்தான் போன் செய்வான். மேடம் எங்கள் நெல்லை மட்டும் எடுக்கவில்லை, தம்பியையும் எடுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

கடைசியாக அவரை அலுவலகத்தில் பார்த்தேன், வாய்க்கால் தூர்வாரும் விஷயமாக. வழக்கம்போல நின்றுகொண்டேதான் பேசினேன். வந்த வேலை முடிந்து திரும்பும்போது, "ஒங்க நோட்டீஸ் படிச்சேன்" என்றார்.

"அதுல கேட்டதுக்கு இன்னும் பதிலு வரல. நெல்லுக்கு இன்னா பதிலு மேடம்?"

"நெல்லுக்கு எங்கிட்ட பதிலு இல்ல" என்றார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா திட்டு சுத்தமா இருந்துச்சு."

படியிறங்கிப் பாதி தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. சங்கத்தில் நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை, வந்துவிட்டேன்.

திருக்கோவிலூரில் அடக்கம். போனேன். பொருளாளர் எனக்கு முன்பே ஆளுயர மாலையோடு வந்து, "எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி இருந்தாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாலைய போட்டுட்டு வாய மூடிக்கினு போ" என்றேன். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் கெட்டவனாகப் பார்த்தார்கள், பரவாயில்லை. பள்ளத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது, இவரும் போய்ச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தத் தெருக்காரர்கள் இந்த மலரைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் மோட்டார் அங்கே ஓடிய நாட்களில் உங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு விலையாக எங்கள் நெல் போனது. எங்களுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. நாங்கள் கொடுக்கவில்லை, அவர் எடுத்தார்.

வெளியே ஏழுமலை தன் வண்டியருகே நின்றிருந்தான். அழுதிருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். பேச்சை நிறுத்திய நான்தான் கேட்டேன்.

"இன்னிக்கு அதே மாதிரி ஆச்சுன்னா நீ இன்னா பண்ணுவ?"

அவன் யோசிக்கவே இல்லை. "நம்ம மோட்டாரத்தான் கழட்டுவேன்."

"நட்டிருந்தாலுமா?"

"நட்டிருந்தாலுந்தான். ஒங்கிட்ட வந்து சொல்லிட்டுக் கழட்டுவேன்."

"சரி, வூட்டுக்கு வா. ஒங்க அண்ணி ஒல வெச்சிருப்பா" என்றேன். வந்தான்.

ஆரோக்கியமேரி மேடம், நெல்லுக்கு நீங்கள் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதனால் உங்கள்மேல் உள்ள கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன், அதை யாரும் என்னிடம் கேட்டு வாங்க முடியாது. தம்பியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். எந்த மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்பதை அவன் உங்களிடம் கற்றிருக்கிறான். சொல்லிவிட்டுச் செய்வதை எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கிறான்.