பெரியவர் வந்த நண்பகல்

துதிக்கையால் வினை துடைக்கும் ஆனைமுகத்து அப்பனே, இதை எழுதும் கையில் நடுக்கமும் சொல்லில் பொய்யும் சேராமல் நீயே காத்தருள வேண்டும். பூச நட்சத்திரமும் பூரணையும் கூடிய தைப்பூச நன்னாளாகிய இன்று, இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை எழுதத் தொடங்குகிறேன்.

வன்னியில் கடைசி யுத்தம் நடந்த சர்வதாரி வருடத்து ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடந்தது இது. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் பகுதி அடுக்குமாடி ஒன்றில் நானும் மனைவியும் இருந்தோம். என் ஒரே தங்கை, கணவரை இழந்தவள், வன்னிக் காட்டோரத்தில் ஆறு பசுக்களோடு தனியே இருந்தாள். மணமுடித்துப் போய் முப்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்ததால் அவள் பேச்சும் காட்டோரப் பேச்சாகியிருந்தது. நானோ யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்தவன். எங்கள் குடாநாட்டில் யானை இல்லை. கோயில் வாகனத்திலும் பக்திப் பாடல்களிலும் கண்ட யானையே நான் அறிந்த யானை.

சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு அவளுடைய ஊர்ச் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அழைப்பேன். அங்கே அப்போது நண்பகல் கடந்திருக்கும். அவள் வந்து காத்திருப்பாள். யுத்தம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவளோ விலங்குகளைப் பற்றியே சொன்னாள். ஒரு சனிக்கிழமை, காட்டுக்கோழி கூவுவதை நிறுத்திவிட்டது என்றாள். எங்கள் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. அவளுக்கு விடியலைச் சொல்வதே அதுதான். மறுவாரம், பாலை மரங்களிலிருந்த மந்திகள் ஒன்றுவிடாமல் போய்விட்டன. அதற்கடுத்த வாரம், இரவில் மட்டுமே வெளிவரும் தேவாங்கு ஒன்று பட்டப்பகலில் மாட்டுக்கொட்டிலின் கூரை வளையில் ஒட்டிக்கொண்டு, விரட்டியும் போகவில்லை.

தொலைபேசியை யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்ற அச்சத்தில், அந்நாட்களில் நம்மவர்கள் மறைமொழியில் பேசுவது வழக்கம். ஆகவே கோழி யார், மந்தி யார் என்று நான் மனைவியோடு தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை அவள் சொன்னாள்: "நேற்று மத்தியானம் பெரியவர் வந்தவர், அண்ணை. கிணத்தடியிலை நிண்டவர்."

"எந்தப் பெரியவர்? ஆரோடை வந்தவர்?"

"குடும்பத்தோடை. ஏழெட்டுப் பேர்."

"இருத்தித் தேத்தண்ணி குடுத்தனியோ?"

அவள் சிரித்தாள். "எதிலை குடுக்கிறது, வாளியிலையோ அண்டாவிலையோ? நோர்வேக் குளிருக்கு உங்கடை மூளை உறைஞ்சு போச்சுது."

"யானையோ?"

"பேர் சொல்லாதையுங்கோ. காட்டோரத்திலை நாங்கள் பெரியவர் எண்டுதான் சொல்லுறது. பேர் சொன்னா வந்திடுவினம்."

"வந்திட்டினம் எண்டுதானே நீயே சொல்லுறாய்."

இதற்கு அவள் சிரிக்கவில்லை. "பகலிலை வாற ஆக்கள் இல்லை, அண்ணை. வாழையைத் தொடேல்லை. வேலியைக்கூட விலத்தித்தான் போனவை. குட்டியை நடுவிலை விட்டிட்டு, தெற்கிலையிருந்து கிழக்கை பாத்து நடந்துகொண்டே இருந்தவை. பின்னாலை என்னத்தையோ கேட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி." பிறகு குரல் தாழ்ந்தது. "அயல்சனம் நாளைக்கு உழவு ரைக்டரிலை ஏறிக் கிழக்கை வெளிக்கிடுதுகள். நானும் மாடுகளை அவிட்டு விட்டிட்டுப் போகட்டோ?"

எனக்கு மெய்சிலிர்த்திருந்தது. வாழையை உண்ணாமலும் வேலியை மிதிக்காமலும் ஓர் ஆனை முற்றத்தில் நின்று போகுமாயின், அது வந்த காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை என்று தோன்றியது.

"பிள்ளை, அது பிள்ளையார். உன்ரை வளவுக்குக் காவலாய் வந்திருக்கிறார். கார்த்திகை விளக்கீடு முடியுமட்டும் இரு. வீட்டை விளக்கில்லாமல் விடாதை."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி" என்றாள்.

தொலைபேசியை வைத்துத் திரும்பினேன். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நீங்கள் யானையைப் பக்திப் பாட்டிலைதானே பாத்தனீங்கள்?" என்றாள். "அவள் கண்ணாலை பாத்தவள். போகட்டோ எண்டுதானே கேட்டவள்? ஓம் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

அவள் பக்தி குறைந்தவள் என்று மனத்துக்குள் கடிந்துகொண்டு பூசைக்குப் போனேன்.

ஐந்தாவது சனிக்கிழமை கடைக்காரரே பேசினார். "அம்மா வரேல்லை ஐயா. அந்தப் பக்கத்துப் பாதை வியாழக்கிழமையோடை அடைபட்டிட்டுது. ரைக்டர் ஞாயிறே போயிட்டுது. நானும் மெசினைக் கழட்டுறன்." அவர் பேசும்போது, பூட்டிய கதவை யாரோ தோளால் மோதுவதுபோல் ஓர் ஓசை இடைவிட்டு இடைவிட்டுக் கேட்டது. அதற்காக அவர் குரலை உயர்த்தவில்லை, பழகிப்போயிருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்த இலக்கத்தில் மணியும் அடிக்கவில்லை.

விளக்கீட்டன்று மாலை பலகணியில் பனியை ஒதுக்கி விளக்கேற்றினோம். எதிரே ஊசியிலைக் காடு கறுத்து நின்றது. அத்தனை வருடங்கள் அதன் அருகில் இருந்தும் அதில் வாழும் ஒரு பறவையின் குரலையும் நான் அறியேன். அன்று முதல் அங்கே எது கத்துகிறது, எது கத்தவில்லை என்று காது கொடுக்கலானேன். ஒரு காலை காகங்கள் கத்தவில்லை. நண்பகல்வரை எனக்கு உணவு இறங்கவில்லை.

ஆறு மாதங்களுக்குப் பின், அகதி முகாமிலிருந்து யாருடையதோ ஒரு கைப்பேசியில் அவள் குரல் வந்தது. "நான் இருக்கிறன், அண்ணை." அதற்குமேல் அதிகம் பேசவில்லை. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை என்பதை வேறொருவர் சொல்லியே அறிந்தேன். அந்த ரைக்டரில் போன அயலவர் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தனர். உடற்குறை எதுவும் அவர்களுக்கு இல்லை.

'விளக்கீடு முடியுமட்டும் இரு' என்ற சொல்லை அவள் ஒருநாளும் என்னிடம் எடுத்துக் கேட்டதில்லை. நானும் பேசவில்லை. பேசினால் "விடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிடுவாள். அவ்வளவு எளிதாக அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள எனக்குக் கூச்சம். அஞ்சி ஓடிய உயிர்களின் நடையை அருள் என்று வாசித்தேன். நான் ஓதும் பாடல்களில் பிழையில்லை. காடறிந்தவள் காட்டைச் சொன்னபோது கேளாத செவி என்னுடையது. இந்தத் தாள்களை நாளை அவளுக்கு அனுப்புகிறேன். வாசித்துவிட்டு அவள் என்ன சொன்னாலும் ஏற்பேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஏற்பேன்.

இதை வாசிக்கும் யாவர்க்கும், அவர்தம் வீட்டார்க்கும், புறப்படவேண்டிய வேளையில் புறப்படும் தெளிவும், தடையின்றிப் போய்ச் சேரும் பாதையும் இறைவன் திருவருளால் வாய்ப்பதாக.